முதலில் தாயார், அப்புறம் பெருமாள்

நாமக்கல்லில் இறங்கினால் கால்கள் தானாக ஆஞ்சநேயரிடம்தான் போகும். பதினெட்டு அடி உயரம், தலைக்கு மேல் கூரை கிடையாது. எதிரே இருக்கும் நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பியபடி வெயிலிலும் மழையிலும் நிற்கிறார். அவரைக் கும்பிட்டுவிட்டு நரசிம்மர் கோயிலுக்குள் நுழைந்தேன். தாயாரைச் சேவித்த பிறகே பெருமாள் என்பது வழக்கம். அன்று நான் வந்ததே தாயாருக்காகத்தான்.

கணித மேதை ராமானுஜன் வீட்டின் குலதெய்வம் இந்த நாமகிரித் தாயார். ராமானுஜனின் அம்மா கோமளத்தம்மாளுக்குப் பிள்ளை வேண்டுமென்று அந்த அம்மாளின் பெற்றோர் இவளிடம்தான் வேண்டிக்கொண்டார்களாம். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார் ராமானுஜன். கணக்குகளைத் தாயாரே கனவில் காட்டுவதாகப் பின்னாளில் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார்.

பட்டர் சடாரி வைத்துக் குங்குமம் கொடுத்தார். எனக்கோ ராமானுஜனின் சிலேட்டு ஞாபகமாகவே இருந்தது. காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் எழுதி, துணி தேடக்கூடப் பொறுமையில்லாமல் முழங்கையால் அழித்து, மறுபடி எழுதி, கடைசி விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவாராம். முழங்கையே கறுத்துப்போயிருந்ததாம். தாயார் கொடுத்தாள், அவர் எழுதினார், அவ்வளவுதான் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவளை முழுசாக நம்பிய பிள்ளை, கையை ஒருநாளும் சும்மா வைத்திருக்கவில்லை. எஃப்.ஏ. என்ற அந்நாளைய கல்லூரித் தேர்வில் தேறாமல், வேலைக்கு அலைந்து, 1912இல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவானபோதும் கணக்கை விடவில்லை.

கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டி கூப்பிட்டபோது, கடல் தாண்டுவது ஆசாரத்துக்கு ஆகாது என்ற தயக்கம். துறைமுகத்தில் தன் மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரோடு இங்கே வந்து மூன்று இரவு கோயிலிலேயே படுத்திருந்தார், உத்தரவு கிடைத்தது என்கிறார்கள். 1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார். அந்த மண்டபத்துத் தூண் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வர மனசே இல்லை.

பிறகு குடைவரைக்குள் நரசிம்மர். ஒரே பாறையில் செதுக்கிய அந்த உருவத்தின் முன்னால் வேண்டுதல் எல்லாம் மறந்துபோகிறது.

ராமானுஜன் 1918இல் லண்டன் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார், மறு வருஷம் நோயாளியாக ஊர் திரும்பினார். படுக்கையிலும் கணக்குதான். தான் கண்டுபிடித்த மாக் தீட்டா என்ற புதுவகைக் கணிதச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு எழுதியது 1920 ஜனவரியில். ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் போய்விட்டார்.

கும்பகோணம் போகிறவர்கள் சாரங்கபாணியைச் சேவித்துவிட்டு, அதே சந்நிதித் தெருவில் இருக்கும் அவர் வீட்டுக்கும் போய் வாருங்கள். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கி நன்றாகப் பராமரிக்கிறது. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.