ஆகஸ்ட் 3

2014-ல் இதே நாளில்தான் வடக்கு ஈராக்கின் சிஞ்சாருக்குள் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) பயங்கரவாத அமைப்பு புகுந்தது. காவலுக்கு இருந்த குர்துப் படையான பெஷ்மெர்கா சொல்லாமல் கொள்ளாமல் பின்வாங்கிவிட்டது. அங்கே வாழ்ந்தவர்கள் யாசிதிகள், தனி மதம் கொண்ட சிறுபான்மை மக்கள். தப்பியவர்கள் மலை ஏறினார்கள். கொளுத்தும் வெயிலில், தண்ணீரில்லாமல் பிள்ளைகள் அங்கேயே செத்தார்கள்.

கோச்சோ கிராமத்துக்கு அந்த வழியும் இல்லை. பல நாள் முற்றுகை. மதம் மாறச் சொன்னார்கள், ஊர் மறுத்தது. ஆகஸ்ட் 15 அன்று எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் கூட்டி, ஆண்களைக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். வயதான பெண்களையும் கொன்றார்கள். இளம்பெண்களையும் சிறுமிகளையும் சந்தையில் விற்றார்கள். 2018-ல் நோபல் பரிசு பெற்ற நாதியா முராத் அந்த ஊர்ப் பெண்தான்.

அதே கோடையில் மொசூல் நகரக் கிறிஸ்தவர்கள், ஷியா துருக்மென்கள், ஷபாக்குகள் என்று மற்ற சிறுபான்மையினரும் விரட்டப்பட்டார்கள். கடைசி இரண்டு பெயர்களையும் நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

யாசிதிகளுக்கு நடந்தது இனப்படுகொலை என்று ஐஎஸ்காரன் ஒருவனுக்கு முதன்முதலில் தண்டனை கொடுத்தது 2021-ல், அதுவும் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் உள்ள நீதிமன்றம். ஈராக்கில் பிடிபட்டவர்களைப் பயங்கரவாதச் சட்டத்தில் விசாரித்து முடித்துவிடுகிறார்கள், பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம்கூடப் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

கடத்தப்பட்டவர்களில் 2,500 பேருக்கு மேல் இன்னும் காணவில்லை. பல குடும்பங்கள் வடக்கு ஈராக்கின் தோஹுக் பகுதி அகதி முகாம்களில் கூடாரத்திலேயே இருக்கின்றன.