செகண்ட் ஹேண்ட் காரும் அந்த டொய்ங் சத்தமும்

ஜூன் 14, 2025, சனி

கார் வீட்டுக்கு வந்தாச்சு. 2015 மாடல் பெட்ரோல் வண்டி, திருவான்மியூர்ல பீச் பக்கத்து தெருவுல ஒரே ஓனர் கையில இருந்தது. ஓனர் பேர மாத்தற ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கியாச்சு, இன்சூரன்ஸ நம்ம பேருக்கு மாத்த 14 நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும், அத திங்கக்கிழமையே முடிச்சிடணும். கிளட்ச் லைட்டா இருக்கு, ஏசி ஜில்லுனு வருது, எல்லாம் சரி. ஆனா அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ரிவர்ஸ் எடுக்க ஸ்டியரிங்க லெஃப்ட்ல ஒடிக்கும்போது முன்னாடி கீழருந்து "டொய்ங்"னு ஒரு சத்தம். வாட்ச்மேன் அண்ணனே திரும்பிப் பாத்தாரு.

ஜூன் 15, ஞாயிறு

காலையில ரோடு காலியா இருந்தப்ப எடுத்துட்டுப் போயி எப்ப வருது எப்ப வரலன்னு மட்டும் கவனிச்சேன். நேரா போனா ஒண்ணும் இல்ல. ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கினா இல்ல. யூ டர்ன் போட்டா வருது, வண்டி நிக்கும்போது ஒடிச்சாலும் வருது. இது முக்கியமான விஷயம், ஏன்னா இஞ்சின் இழுவைய வீலுக்குக் கொண்டு போற டிரைவ் ஷாஃப்ட்ல இருக்கற சிவி ஜாயின்ட் (வளைஞ்சு குடுக்கற மூட்டு) போயிருந்தா ஃபுல்லா ஒடிச்சு வண்டி நகரும்போது தான் வீல் சுத்தறதுக்கு ஏத்த மாதிரி டக் டக் டக்னு வரும், நின்ன வண்டில வராது. பவர் ஸ்டியரிங் ஆயில் பம்ப் முனகுற சத்தமும் இல்ல, இந்த வண்டில எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங், ஆயிலும் கிடையாது பெல்ட்டும் கிடையாது. ஸ்டியரிங் வீலுக்குள்ள இருக்கற கிளாக் ஸ்பிரிங்கா (ஹார்ன், ஏர்பேக் வயர சுருட்டி வச்சிருக்கற பார்ட்) இருந்தா சத்தம் கைக்குப் பக்கத்துல சரசரன்னு கேக்கும், அதோட ஹார்னோ ஏர்பேக் லைட்டோ ஏதாவது தகராறு பண்ணும். ரெண்டும் ஒழுங்கா இருக்கு.

இன்னொண்ணு, திரும்பி முடிச்சதும் ஸ்டியரிங் தானா நடுவுக்கு வரணும்ல, அது சோம்பேறித்தனமா வருது, கையால இழுத்து விட வேண்டியிருக்கு.

ஜூன் 18, புதன்

ஆபீஸ் பக்கத்துல இருக்கற ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். பையன் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து "ஸ்டியரிங் ரேக் போச்சு மேடம், அசெம்பிளியா தான் மாத்தணும்"னுட்டு 35,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் குடுத்துட்டாரு. ராம்ப்ல ஏத்தி எங்க ஆட்டம் இருக்குன்னு காட்டுங்கன்னு கேட்டேன், அப்ரூவல் குடுத்தா தான் ஏத்துவாங்களாம். எனக்கு உடன்பாடே இல்ல. ரேக்னா ஸ்டியரிங்க ஒடிக்கறத வீலுக்குக் கொண்டு போற பல்லு வச்ச கம்பி, அதுல தேய்மானம்னா மேடு பள்ளத்துல கட கடன்னு தட்டும், ஸ்டியரிங்ல ப்ளே, அதாவது லூசான ஆட்டம், இருக்கும், இதுல அது ரெண்டுமே இல்லையே. எங்க கோளாறுன்னு கண்ணால பாக்காம பார்ட்ஸ் மாத்தறத நான் ஒத்துக்கவே மாட்டேன், காசு யாருதா இருந்தாலும் சரி.

ஜூன் 19, வியாழன்

ராத்திரி ஒரு பயம் புடிச்சுது. சென்னை வண்டி, 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ரெண்டையும் பாத்திருக்கும், தண்ணிக்குள்ள நின்ன வண்டியா இருந்தா என்ன பண்றது. டார்ச் எடுத்துட்டுக் கீழ போயி சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்தேன், சேத்துத் தண்ணி கோடு இல்ல. சீட்டுக்கு அடியில ரெயில்ல துரு இல்ல. ஸ்டெப்னி குழியில வண்டல் இல்ல, கார்பெட்ட தூக்கி மோந்து பாத்தேன், ஊறின வாடையும் இல்ல. நிம்மதியா தூங்கப் போறேன்.

ஜூன் 21, சனி

கண்டுபுடிச்சாச்சு!

எங்க வீட்டுக்காரர டிரைவர் சீட்ல உக்கார வச்சு, இஞ்சின ஐடில்ல விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, மெதுவா இந்தக் கோடிலருந்து அந்தக் கோடிக்கு ஒடிக்கச் சொன்னேன். நான் லெஃப்ட் வீல் பக்கம் உக்காந்து ஷாக் அப்சார்பர் காயில் ஸ்பிரிங்கோட வெளிப்பக்கம் மட்டும் விரல லேசா வச்சேன் (சுருளுக்கு நடுவுல விரல விடவே கூடாது, நசுங்கிடும்). ஒழுங்கா இருந்தா ஸ்பிரிங் வீலோட சேந்து வழுக்கிட்டே திரும்பணும். இது திரும்பல, வீல் திரும்புது ஸ்பிரிங் அப்படியே முறுக்கிட்டு நிக்குது, திடீர்னு என் விரலத் தட்டி விட்டு துள்ளுச்சு, அதே நொடில டொய்ங். அவருக்கு உள்ள ஸ்டியரிங்லயும் அந்த அதிர்வு வந்துருக்கு. ரைட் பக்கமும் பாத்தேன், அங்க கொஞ்சமா தான் சிக்குது.

அப்ப ஸ்ட்ரட்டுக்கு (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேந்த செட்) மேல இருக்கற ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் தான். வண்டியோட முன் வெயிட்ட தாங்கிக்கிட்டு ஷாக்க திரும்ப விடறதே அந்தச் சின்ன வளையம் தான், அது இறுகினா ஸ்டியரிங் தானா நடுவுக்கு வராததுக்கும் அதே காரணம். சந்தேகம் வேண்டாம்னு மதியம் நம்ம தெருமுனை ஷெட் மெக்கானிக் அண்ணன வரச் சொன்னேன். அவரு ஜாக்கி போட்டு வீல இடமும் வலமும் புடிச்சு ஆட்டி, வீல ஸ்டியரிங்கோட சேக்கற டை ராட் எண்ட் பாத்தாரு, மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டி பால் ஜாயின்ட்டும் வீல் பேரிங்கும் பாத்தாரு, எதுலயும் ஆட்டம் இல்ல. "ரேக்க யாரும்மா மாத்தச் சொன்னது, அது கல்லு மாதிரி இருக்கு"ன்னாரு.

ஜூன் 23, திங்கள்

மதியம் பர்மிஷன் போட்டுட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜிபி ரோடு போனேன். ரெண்டு பக்கத்துக்கும் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் ரப்பர் எல்லாம் சேத்து 3,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. புதுப்பேட்டைல பழசு இன்னும் கம்மியா கிடைக்கும்னு ஒருத்தர் சொன்னாரு, கதவு கண்ணாடின்னா வாங்கலாம், பேரிங்க எல்லாம் பழசு வாங்கக் கூடாது.

ஜூன் 28, சனி

காலையிலருந்து ஷெட்ல தான். ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு ஸ்பிரிங்க நல்லா இறுக்கினதுக்கு அப்புறம் தான் நடு நட்ட கழட்டினாரு. அது இல்லாம கழட்டினா அமுங்கி இருக்கற ஸ்பிரிங் தெறிச்சு ஆள அடிச்சே போட்டுடும், வீட்ல யாரும் முயற்சி பண்ணிடாதீங்க.

பழைய லெஃப்ட் பேரிங்க என் கையில குடுத்தாரு. சிவப்பா துரு, கிரீஸ் காஞ்சு கறுப்பு மண்ணா உதிருது, சுத்தினா கரகரன்னு கொஞ்சம் போயி நின்னுடுது. புதுச ஒரு விரலால சுத்தினேன், சத்தமே இல்லாம ஓடுது. கடற்கரைக்குப் பக்கத்துல வெட்டவெளில வருஷக்கணக்கா நின்ன வண்டி, உப்புக்காத்து வேலைய காட்டியிருக்குன்னு அண்ணன் சொல்றாரு, அன்னிக்கு ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தப்ப வெள்ளத்துல நின்ன அடையாளம் எதுவும் இல்லாதத வச்சுப் பாத்தா எனக்கும் அது சரின்னு தான் படுது. மத்தபடி ஷாக்ல ஆயில் கசிவு இல்ல, அதுங்களே திரும்ப மாட்டியாச்சு. கூலி 1,800.

ஜூன் 29, ஞாயிறு

ஸ்ட்ரட்ட கழட்டி மாட்டினா வீல் அலைன்மென்ட் கட்டாயம், காலையிலயே போயி பண்ணிட்டேன். டோ (வீல் உள்ளயோ வெளியயோ பாக்கற கோணம்) கொஞ்சம் விலகி இருந்தது, சரி பண்ணிட்டாங்க. இப்ப யூ டர்ன் போட்டு கைய லேசா விட்டா ஸ்டியரிங் தானா நடுவுக்கு ஓடி வருது, சத்தம் சுத்தமா இல்ல, அவ்வளவு சந்தோஷம். அலைன்மென்ட் கடைல முன் டயர்ல தேதி பாத்தப்ப 2318ன்னு இருந்தது, அதாவது 2018ல 23வது வாரம் செஞ்சது, ஓரத்துல வெடிப்பும் விட ஆரம்பிச்சிருக்கு. சம்பளம் வந்ததும் முதல்ல அத மாத்தணும்.