கட்டிலுக்கடியில் கிடந்த சிபியு: நாலு நாள் கதை

மாமா குன்னூரில் டிடிபி சென்டர் (கம்ப்யூட்டரில் டைப் செய்து வடிவமைத்துத் தரும் கடை) வைத்திருந்தவர். கடையை மூடியதும் கட்டிலுக்கடியில் போன சிபியுவை இந்தப் பொங்கல் லீவில்தான் வெளியே இழுத்தேன். குடும்ப ஃபோட்டோ எல்லாம் அதில்தான் என்று அத்தை அடித்துச் சொன்னார். "ஓடாது மாப்ளே, ஐப்பசி மழையிலேயே செத்திருக்கும்" என்றார் மாமா.

முதல் நாள்

வயர் எதுவும் மாட்டாமல் பின்பக்கத்தைத் திருப்பினேன். மேலே வட்டமாக ரெண்டு பிஎஸ் 2 போர்ட். ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுசுக்கு. ரெண்டும் 6 பின்தான். மாற்றிச் செருகினாலும் உள்ளே போகும், வேலைதான் செய்யாது. யுஎஸ்பி மாதிரி ஓடும்போது பிடுங்கிச் செருகவும் கூடாது. கீழே 25 துளையோடு நீளமாக பேரலல் போர்ட், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் காலத்துச் சொத்து. பக்கத்தில் 9 பின் நீட்டிக்கொண்டு சீரியல் போர்ட். வீட்டில் அதற்கு வேலையில்லை, ஆனால் எலக்ட்ரானிக் தராசை கம்ப்யூட்டரோடு இணைக்க இன்றும் அது உதவுகிறது.

எல்லா விளிம்பிலும் பச்சையாகக் களிம்பு. எங்கள் ஊரில் துணியே நாலு நாள் காயாது, பித்தளை என்ன செய்யும்? ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத் பிரஷை நனைத்துத் தேய்த்து, இரவு முழுக்கக் காயவிட்டேன்.

ரெண்டாம் நாள்

ஓடியது! தேதியை மட்டும் மறந்திருந்தது. அதை நினைவில் வைக்க மதர்போர்டில் இருக்கும் 2032 பட்டன் செல்லை மாற்றினேன். ஆனால் மானிட்டரில் எல்லாம் மஞ்சள் காமாலை.

மானிட்டருக்குப் படத்தைக் கொண்டுபோகும் விஜிஏ கேபிளைக் கழற்றி டார்ச் அடித்து எண்ணினேன். 15 இருக்க வேண்டிய இடத்தில் 14 பின். உடைந்துவிட்டது என்று அரை மணி நேரம் கவலைப்பட்டதுதான் மிச்சம். 9-வது பின் பல கேபிள்களில் தயாரிக்கும்போதே இருக்காதாம். உண்மையான வில்லன் மேல் வரிசையில் மடங்கிக் கிடந்த 3-வது பின். விஜிஏவில் 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம். நீலம் போய்விட்டால் மிச்ச ரெண்டும் சேர்ந்து மஞ்சள்தானே! உள்ளே குச்சி இல்லாத மைக்ரோடிப் பென்சிலின் மூக்கை அந்தப் பின்மேல் மாட்டி, முடி அளவு முடி அளவாக நிமிர்த்தினேன். அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். திரையில் வானம் நீலமாகத் திரும்பியது.

மூன்றாம் நாள்

அத்தைக்குப் பெரிய டிவியில் பார்க்க வேண்டுமாம். டிவியில் கம்ப்யூட்டர் படத்தை வாங்க எச்டிஎம்ஐ போர்ட் மட்டுமே. 350 ரூபாய்க்கு ஒரு கன்வர்ட்டர் வாங்கி வந்து மாட்டினால் 'நோ சிக்னல்'. நான் வாங்கியது எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவது. எனக்கு வேண்டியது அதற்கு எதிர்த்திசை. விஜிஏ அனலாக், எச்டிஎம்ஐ டிஜிட்டல். நடுவில் இருக்கும் சிப் ஒரு திசையில்தான் மாற்றித் தரும், திருப்பி மாட்டினால் நடக்காது. சரியானதற்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டேன்.

நாலாம் நாள்

முன்பக்க யுஎஸ்பி போர்ட் ரெண்டும் துருப்பிடித்துப் போயிருந்தன. பின்பக்கத்தில் பென் டிரைவைச் செருகி காப்பி போட்டேன். உள்ளே நீல நாக்கு உள்ள, வேகமான யுஎஸ்பி 3.0 இல்லை, கறுப்பு நாக்கு 2.0, நொடிக்கு 480 மெகாபிட் என்பதெல்லாம் ஏட்டில்தான். டீ குடித்து, இன்னொரு டீயும் குடித்தாயிற்று.

முடிந்ததும் அத்தை பென் டிரைவை வாங்கினார், டிவிக்குப் பின்னால் கையைவிட்டார், செருகினார். ஃபோட்டோக்கள் வரிசையாக வந்தன. "இதுக்குத்தானா மூணு நாளா மல்லுக்கட்டினே?"

ரெண்டாவது கன்வர்ட்டர் நேற்று கூரியரில் வந்தது. பிரிக்கவில்லை.