அரும்பாவூர் போனால் சிலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய உடனே ஓர் ஆட்டோக்காரர், மரச் சிற்பத்துக்குப் பேர்போன அரும்பாவூருக்கு 700 ரூபாய் கேட்டார். "உள்ளே தள்ளி இருக்கிற ஊர் சார், பஸ்ஸை நம்பினா பொழுது சாஞ்சிடும்" என்றார். பச்சைப் பொய். பக்கத்து டீக்கடையில் கேட்டதும், "கிருஷ்ணாபுரம் வழியா போற வண்டி இதோ நிக்குதே" என்று கை காட்டினார்கள். அந்த 700 ரூபாயில் அங்கே இரண்டு நல்ல உளி வாங்கலாம். புதிதாக வருகிறவர்களிடம் இப்படிக் கறப்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

பஸ்ஸும் சொகுசில்லை. ஜன்னல் இறங்கவில்லை, நடைபாதை முழுக்கச் சின்ன வெங்காய மூட்டை. ஆனால் வழியெல்லாம் மக்காச்சோளக் காடு, எதிரே பச்சைமலை. டிக்கெட் காசுக்கு அதுவே அதிகம்.

மலையடிவாரத்து இந்த ஊரின் மரச் சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி சிலை, வாகனம், தேர்ச் சிற்பம் எல்லாம் செய்கிறார்கள். சிலையை ஒரே கட்டையில் குடைந்து எடுப்பதுதான் இவர்கள் வழக்கம். கையைத் தனியாகச் செய்து ஒட்டுவது, பீடத்தைத் தனியாகப் பொருத்துவது என்ற பேச்சே இல்லை. வழி, தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அதெல்லாம் கடைசியில் வரும். முதலில் அந்தப் பட்டறை.

தகரக் கூரை, தரையெல்லாம் கணுக்கால் அளவுக்கு மரச்சீவல். பெரியவர் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் சாக்கு விரிப்பில் முப்பது நாற்பது உளி இருக்கும். தட்டை உளி, நகம் மாதிரி குழிந்த நகவுளி, வாய் வளைந்தது, கழுத்து வளைந்தது, ஈர்க்குச்சி கனத்தில் ஒன்று. பார்க்காமலே கையை நீட்டுகிறார், வேண்டிய உளி கைக்கு வருகிறது. அதில் ஒன்று மட்டும் விரல் நீளத்துக்குக் கட்டையாக இருந்தது. உடைந்ததா என்று கேட்டேன்.

"உடையல தம்பி, தேஞ்சது. எங்கப்பா வச்சிருந்த உளி. அவரு தீட்டினதுல பாதி, நான் தீட்டினதுல பாதி."

வாங்கிப் பார்த்தேன். பிடியில் கட்டைவிரல் படுகிற இடம் குழிந்திருந்தது. முனையை என் நகத்தின் மேல் சும்மா வைத்தார், வழுக்காமல் அங்கேயே நின்றது. அப்படி நின்றால்தான் கூர் சரியாம். வழுக்கினால் மறுபடி சாணைக்கல்.

அவருடைய அப்பா மாட்டு வண்டி செய்தவர். டயர் வண்டியும் டிராக்டரும் வந்து மரச் சக்கரத்துக்கு ஆள் இல்லாமல் போனபோது, மகனைச் சிற்பப் பட்டறையில் விட்டிருக்கிறார். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த இன்னொருவர் ஆசாரிக் குடும்பமே இல்லை, வெங்காயம் போட்ட வீடு. கிணறு வற்றிய வருடம் உப்புத்தாள் தேய்க்க வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். "முதல்ல ரொம்ப நாள் உளி தீட்டத்தான் விட்டாங்க. மரத்துல கை வைக்கவே விடல" என்றார். மூன்றாமவர் மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் படித்தவர். 1957-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் மரச் சிற்பத்துக்கென்று தனிப் படிப்பே இருக்கிறது. சிலைக்கு அளவு பிரிக்கிற தாளக் கணக்கை எனக்குப் புரிய வைத்தவர் இவர்தான். ஒரு தாளம் 12 அங்குலம். ஆனால் ஸ்கேலில் இருக்கிற அங்குலம் அல்ல, சிலையின் உயரத்தையே பிரித்து எடுக்கிற அளவு. நவதாளம் என்றால் ஒன்பது தாளம், உயரம் 108 பங்கு. பத்துத் தாளத்துக்கு மேல் நாலு பங்கு சேர்த்தால் உத்தம தசதாளம், 124. இந்தப் பங்கைப் பென்சிலால் கட்டையில் குறித்த பிறகுதான் முதல் உளி இறங்குகிறது.

நான்காமவர் சிங்கப்பூரில் ஃபர்னிச்சர் வேலை பார்த்துத் திரும்பியவர். இவரால்தான் பட்டறை களைகட்டியது. தோல் உறையிலிருந்து ஸ்விட்சர்லாந்து நகவுளி ஒன்றை எடுத்து வைத்தார். விலை நான்காயிரத்துக்கு மேல். ஊர்க் கொல்லர் அடித்துத் தருகிற உளி முந்நூறு, முந்நூற்றைம்பது. எது உசத்தி என்று அவருக்கும் பெரியவருக்கும் ஆரம்பித்த வாக்குவாதம் டீ வந்தும் நிற்கவில்லை.

"தேக்குல நாளெல்லாம் அடிச்சாலும் முனை மாறாதுண்ணே. நம்ம உளிய மணிக்கு ஒருக்கா தீட்டணும்."

"மாறாதுய்யா. ஆனா எனக்கு வேணுங்கிற வளைவுல அவன் தருவானா? நான் மண்ணுல கோடு போட்டுக் காட்டினா நம்ம கொல்லரு அதே வளைவுல அடிச்சுத் தருவாரு."

என் ஓட்டு பெரியவருக்கு. கொல்லர் எடுப்பது பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. அதைக் காய்ச்சி அடித்து, முனையை மட்டும் தண்ணீரில் முக்கி இறுக்கி, பிறகு தோய்ச்சல் பார்க்கிறார். உளியின் உடம்பில் இருக்கிற சூடு மெல்ல முனைக்கு ஏறும்போது இரும்பின் நிறம் மாறும். முனை வைக்கோல் நிறத்துக்கு வரும் நொடியில் மறுபடி தண்ணீர். அதற்கு முன்பே முக்கினால் அடிக்கிற அடியில் முனை தெறித்துவிடும். நீலம் ஏற விட்டால் கூர் நிற்காது. கண்தான் அங்கே அளவு. உளியை அடிக்கிற கொட்டாப்புளி புளியமரம். அதன் ஒரு பக்கம் அடிபட்டு அடிபட்டுக் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது.

மரத்தைப் பற்றியும் நிறையச் சொன்னார்கள். வாகை உளிக்கு இணங்கும், விலையும் கட்டும். மா, வேம்பு, தேக்கு எல்லாம் உண்டு. எந்த மரமானாலும் அதன் நார் ஓடுகிற ஓட்டம் பார்க்க வேண்டும். ஓட்டத்துக்கு எதிராக உளி வைத்தால் சீவல் வராது, சிம்பு பிய்த்துக்கொண்டு வரும். மூக்கு நுனியில் அது நடந்தால் ஒரே கட்டைச் சிலையில் ஒட்டிச் சமாளிக்க வழியில்லை. முகத்தையே உள்ளே தள்ளிச் செதுக்க வேண்டும், இல்லையென்றால் கட்டை அடுப்புக்கு.

இப்போது கம்ப்யூட்டர் இயக்குகிற சிஎன்சி மெஷினில் செதுக்கிய சிலைகளும் சந்தையில் கிடைக்கின்றன. பார்த்திருக்கிறேன். வரிகள் அச்சு அசலாக இருக்கும், முகத்தில் உயிர் இருக்காது. மெஷின் விலையைச் சொல்லி இவர்களிடம் பேரம் பேசுவது அநியாயம். நான் இருக்கும்போதே காரில் ஒரு குடும்பம் வந்து, சின்னப் பிள்ளையாரைப் பாதி விலைக்குக் கேட்டது. "சாதா மரம்தானே?" என்றார் அந்த அம்மா. பெரியவர் பதிலே சொல்லாமல் சிலையை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாப்பாடு! சிங்கப்பூர் அண்ணன் கடைத்தெருவில் ஒரு வீட்டு மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனார். உரித்த சின்ன வெங்காயம் முழுசு முழுசாக மிதக்கும் காரக்குழம்பு, தொட்டுக்கொள்ள நாட்டுக்கோழி வறுவல். வெங்காயம் விளைகிற மண்ணிலேயே அதைச் சாப்பிட வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து 260 ரூபாய். சென்னையில் ஒருவருக்கே போதாது.

செலவுக் கணக்குக்கு வருகிறேன். தங்குவதென்றால் பெரம்பலூர்தான் வசதி. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம், ஆனால் கடைசி பஸ் எப்போது என்பதை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிலை விலை உயரத்தையும் மரத்தையும் பொறுத்தது, தேக்கு என்றால் எகிறிவிடும். வீட்டில் வைக்க வாகையே தாராளம். உளி வேண்டுமென்றால் பட்டறையில் கேட்காதீர்கள், தரமாட்டார்கள். கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்குங்கள்.

நான் வாகையில் ஓரடி அனுமன் ஒன்று சொல்லி முன்பணம் கொடுத்தேன். தீபாவளிக்குள் கிடைக்குமா என்று கேட்டதற்குப் பெரியவர் கட்டையைத் தட்டிப் பார்த்தார். ஈரம் இருக்கிறது, அவசரப்பட்டால் நெஞ்சில் வெடிப்பு விடும், தை மாதம் வா என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.