வரி எங்கே வலிக்கிறது?

தொகை ஒன்றுதான், வாங்கும் விதத்தில்தான் வலி மாறுகிறது. சம்பளத்திலேயே பிடித்துவிட்டால் பலருக்கு உறைப்பதில்லை. அதையே ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டச் சொன்னால் கொதிப்பு வருகிறது. சொத்து வரி மேல் இருக்கும் எரிச்சலுக்கு இது ஒரு காரணம். விலைக்குள் ஒளிந்திருக்கும் வரியோ கண்ணிலேயே படாது. 18% வரி சேர்த்து விலை 118 என்றால், அதில் வரி எவ்வளவு என்று அறிய 1.18-ஆல் வகுக்க வேண்டும்: பொருள் 100, வரி 18. நேராக 118-இல் 18% எடுத்தால் 21.24 என்று தப்பாக வரும்.

பெரிய குழப்பம், வருமானம் கூடக் கூட விகிதமும் கூடும் அடுக்கு வரியில். "சம்பளம் கூடினால் அடுத்த அடுக்குக்குப் போய்விடுவேன், கையில் குறைவாகத்தான் வரும்" என்ற பயம் நன்கு படித்தவர்களிடமும் உண்டு. முதல் 100-க்கு வரி இல்லை, அடுத்த 100-க்கு 10%, அதற்கு மேல் 20% என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் 200 என்றால் வரி 10. 210 ஆனால் 12 (மொத்த 210-க்கும் 20% போட்டு 42 அல்ல!). கூடிய 10-க்கு மட்டும்தான் 20%. வரம்பைத் தாண்டியதும் ஏதாவது சலுகை முழுதாகப் பறிபோகும் என்றால் மட்டுமே அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ரீஃபண்ட் வந்தால் பரிசு விழுந்த மாதிரி மகிழ்ச்சி. கூடுதலாகப் பிடித்த சொந்தப் பணம்தான் அது.