வீட்டில் ஆஸ்டரிஸ்க்: போர்ட் 5060 மூடியே இருக்கட்டும்

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில், இணையவழித் தொலைபேசி இணைப்பகமாக வேலை செய்யும் ஆஸ்டரிஸ்க் மென்பொருளை நிறுவுவது சுலபம், தலைவலி ரவுட்டரில்தான். மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறதா? முதலில், இணைய அழைப்புத் தகவலில் உள்ள முகவரிகளை மாற்றியெழுதும் ரவுட்டரின் சிப் ஏஎல்ஜி (SIP ALG) வசதியை அணையுங்கள். பிறகு ஆஸ்டரிஸ்க்கின் பிஜேசிப் அமைப்புக் கோப்பில் (pjsip.conf) வெளி ஐபி முகவரியும் உள் நெட்வொர்க்கும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எதிர்முனை, வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டுமே செல்லும் 192.168-இல் தொடங்கும் முகவரிக்குக் குரலை அனுப்பிக்கொண்டிருக்கும். அது எங்கே வந்து சேர?

சிப் அழைப்புகளுக்கான யுடிபி 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்தால், ஊடுருவப் பார்ப்பவர்கள் 100, 101, 1000 என்று உள் எண்களை வரிசையாகத் தட்டிப் பார்ப்பது லாகில் தெரியும். 101-க்கு 101 என்றே கடவுச்சொல் வைத்திருந்தால் இரவோடிரவாக வெளிநாட்டு அழைப்புகள் பறக்கும். போர்ட்டை மாற்றுவது வெறும் கண்துடைப்பு. ஆஸ்டரிஸ்க்கே தொலைபேசிச் சேவை நிறுவனத்திடம் போய்ப் பதிவு செய்துகொள்வதால், வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்ட் பெரும்பாலும் தேவையில்லை. வெளியிலிருந்து பேச வயர்கார்ட் என்ற விபிஎன் போதும். சேவை நிறுவனக் கணக்கில் வெளிநாட்டு அழைப்பைத் தடுத்து, முன்பணத்தையும் குறைவாகவே வையுங்கள்.