இயன் ஹோம்: மேடைக்கு வெளியே சில ஆண்டுகள்

பிரிட்டிஷ் நடிகர் இயன் ஹோமை நம்மில் பலர் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களின் பில்போ பாகின்ஸாக மட்டுமே அறிவோம். எனக்கோ அவரை நினைத்தால் ஒரு வைக்கோல் தொப்பிதான் கண்முன் வருகிறது. 1981-இல் வெளிவந்த ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தில் அவர் ஓட்டப் பயிற்சியாளர் சாம் முசாபினியாக நடித்தார். ஊதியம் பெறும் பயிற்சியாளர்களை அன்றைய ஒலிம்பிக் உலகம் ஏற்காததால், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தம் மாணவர் ஓடும் நூறு மீட்டர் பந்தயத்தை அவர் அரங்கில் இருந்து பார்க்க முடிவதில்லை. விடுதி அறைச் சன்னல் வழியே பிரிட்டிஷ் கொடி ஏறுவதைக் கண்டும், நாட்டுப்பண்ணைக் கேட்டுமே வெற்றியை அறிந்துகொள்கிறார்; தனியறையில் யாரிடமும் சொல்ல முடியாத அந்த மகிழ்ச்சியில், தம் தொப்பியின் உச்சியைக் கையால் குத்திக் கிழிக்கிறார். பிரிட்டிஷ் திரைத்துறையின் பாஃப்டா விருதையும் ஆஸ்கர் பரிந்துரையையும் பெற்றுத் தந்தது இந்த வேடந்தான்.

அரங்குக்கு வெளியே நிற்க நேர்ந்தவனின் தவிப்பை அவர் அறிந்தே நடித்தார் என்று நினைக்கிறேன். 1931-இல் எசெக்ஸில் பிறந்து, லண்டனின் நாடகப் பள்ளியான ராடாவில் பயின்று, ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் சிறு வேடங்களில் தொடங்கியவர், 1960-களில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் மூன்றாம் ரிச்சர்டாகவும் ஐந்தாம் ஹென்றியாகவும் உயர்ந்தார். நாடகாசிரியர் ஹரால்ட் பின்டரின் ‘தி ஹோம்கமிங்’ நாடகத்தில், மென்மையாகப் பேசியே அச்சுறுத்தும் லென்னியாக நடித்து 1967-இல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருதும் பெற்றார். அத்தகைய நடிகர், 1976-இல் யூஜின் ஓ'நீலின் ‘தி ஐஸ்மேன் கமெத்’ நாடகத்தின் முன்னோட்டக் காட்சிகளின்போது மேடை அச்சத்தால் நிலைகுலைந்து விலகினார். ஹிக்கி என்னும் அந்த வேடம், இறுதி அங்கத்தில் மிக நீண்ட தன்னுரை ஒன்றைத் தனியாளாகத் தாங்க வேண்டிய வேடம். அதன்பின் நெடுங்காலம் அவர் மேடையேறியது மிக அரிது.

மேடை இழந்ததைத் திரை பெற்றுக்கொண்டது. 1979-இல் ‘ஏலியன்’ படத்தில் அவர் நடித்த ஆஷ், மனிதன் அல்லன், இயந்திரன் என்ற உண்மை வெளிப்பட்ட பிறகு முன்காட்சிகளைத் திரும்பப் பார்த்தால், அந்த நிதானமான பார்வையில் எல்லாம் ஏற்கெனவே இருப்பது புரியும். ஐந்தரை அடியை எட்டாத உயரம் வேறு; நெப்போலியனாகவே மூன்று முறை நடிக்க அழைத்தார்கள்! ‘பிரேசில்’ படத்தில் முடிவெடுக்க நடுங்கும் அலுவலக மேலாளர், ‘தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்’ படத்தில் துயருற்ற ஊருக்கு வரும் வழக்கறிஞர் எனத் தொடர்ந்தன வேடங்கள். பிந்தையதில் அவரே நாயகன் எனினும், துணை நடிகருக்குரிய அடக்கத்தை அவர் கைவிடவில்லை. அப்படத்தின் வலிமையும் அதுதான்.

1993-இல் அவரை லண்டனின் அல்மெய்டா அரங்கின் மேடைக்கு மீண்டும் அழைத்து வந்ததும் பின்டரின் நாடகமே: ‘மூன்லைட்’. நான்கு ஆண்டுகள் கழித்து, நேஷனல் தியேட்டரின் மிகச் சிறிய அரங்கான காட்டெஸ்லோவில், ரிச்சர்ட் அய்ரின் இயக்கத்தில் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக நின்றார். பிரிட்டிஷ் நாடக உலகின் ஒலிவியர் விருதும் சர் பட்டமும் 1998-இல் கிட்டின. பிபிசிக்காகப் படமாக்கப்பட்ட அந்த லியரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் பார்வையாளர் முன் நிற்கவே அஞ்சிய அந்தச் சிறிய உருவம், புயல் காட்சியில் ஆடைகள் அனைத்தையும் களைந்துவிட்டு மழையில் நிற்கிறது.